சிங்கத் தலைக்கு மட்டும் விலை கேட்டவர்

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வீடு சுருவிலில் இருக்கிறது. கம்பஸ் விடுமுறை விட்ட கையோடு நாங்கள் ஐந்து பேர் அங்கே போய் இரண்டு நாள் நின்றோம். பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, வேலணை எல்லாம் கடந்து போகும்போது வழிநெடுக வீடுகளை விடப் பனைகள்தான் கூட. கூரை இல்லாத வீடுகள், கதவு நிலை கழற்றப்பட்ட வீடுகள், கிணறு மட்டும் மிஞ்சின வளவுகள். 1990களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்த சனத்தில் கனபேர் திரும்பி வரவில்லை. கொழும்பு, ரொறன்ரோ, பரிஸ், லண்டன் என்று போனவர்கள் திருவிழாவுக்கு வந்து திருவிழா முடியப் போய்விடுகிறார்கள்.

இரண்டாம் நாள் பின்னேரம் சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு முருகன் கோயிலுக்குப் போனோம். கோயிலின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே வாகனசாலைக்குள் மயிலுக்கும் ஆட்டுக்கடாவுக்கும் பின்னால், ஒரு நீலத் தறப்பாளுக்குக் கீழே, சூரன் கிடந்தார். உடம்பு சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தலைகள் மூன்றும் உரப்பைக்குள் இருந்தன. ஒன்று யானைமுகம், ஒன்று சிங்கமுகம், மற்றது மீசை முறுக்கிய சூரபத்மனின் சொந்த முகம்.

கோயில் சபையில் இருக்கிற ஒரு அண்ணைதான் உரப்பையை அவிழ்த்துக் காட்டினார். "கொழும்பில இருந்து பழைய சாமான் வாங்கிற ஒராள் வந்து பாத்தவர். சிங்கத்துக்கும் யானைக்கும் நல்ல விலை சொன்னவர். உடம்பு வேண்டாமாம். சூரன்ர முகமும் வேண்டாமாம், பெயின்ற் கூடிப்போச்சாம்" என்றார்.

விற்கப் போறீங்களோ என்று கேட்டோம். அவர் சிரித்தார். வெளிநாட்டில் இருக்கிற ஒரு குடும்பம் புதுச் சூரன் செய்ய உபயம் ஏற்றுக்கொண்டுவிட்டது. இனி வரப்போறவர் பைபர் சூரன். பாரம் குறைவு, சில்லுப் பூட்டின சகடையில் நிற்பார். பழையவரை என்ன செய்வது என்று சபை இன்னும் முடிவெடுக்கவில்லை. எரிக்கலாம் என்கிறார் ஒருவர், கடலில் விடலாம் என்கிறார் இன்னொருவர். "விக்கிற காசில புது மயிலுக்கு முற்பணம் கட்டலாம் எண்டு ரெண்டு மூண்டு பேர் சொல்லீனம்" என்றார் அண்ணை.

அவர் மீது எங்களுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருகிற மாதிரி அவர் எதையும் சொல்லவும் இல்லை. சூரனைத் தூக்க முந்தி இருபது முப்பது பெடியள் நின்ற ஊரில் இப்போது எட்டுப் பேர் சேர்வதே பெரும்பாடு. அவர் சொல்கிற சில்லு, ஊர் காலியாகிப் போனதன் கணக்கு. இருந்தாலும் திரும்பி வரும் வழியெல்லாம் நாங்கள் இதைப் பற்றித்தான் கதைத்தோம். கதைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மாலியிலும் ஒரு பெடியள் சங்கம்

எங்களுக்குச் சூரனைக் கண்டதும் ஞாபகம் வந்தது, ஒரு பாடத்துக்காகத் தேடும்போது கண்ணில் பட்ட ஒரு படம். மேற்கு ஆபிரிக்காவில் மாலி நாட்டின் பமானா மக்கள் மரத்தில் செதுக்கிய மான் தலை. நீண்ட கழுத்து, கொம்பு, பளிச்சென்ற வர்ணம். அதன் கீழே "பொம்மை, கலைஞர் பெயர் தெரியாது" என்று இரண்டு வரி. இது ஏன் பொம்மை என்று அப்போது விளங்கவில்லை. கை கால் இல்லை, நூல் இல்லை, வெறும் தலை.

பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டோம். நைஜர் ஆற்றங்கரையில் செகு பகுதியில் பமானா உழவர்களும் போசோ மீனவர்களும் ஆடுகிற ஆட்டத்துக்கு 'சோகோ போ' என்று பெயர். மிருகம் வெளியே வருகிறது என்பது அதன் பொருள். தடிகளால் ஒரு பெரிய கூடு கட்டி, அதைத் துணியாலோ புல்லாலோ மூடி, முன்பக்கத்தால் செதுக்கிய தலையை நீட்டி வைப்பார்கள். உள்ளே பெடியள் நின்று சுமந்து ஆட்டுவார்கள். எருமை வரும், சிங்கம் வரும், யாயோரோபா என்ற அழகான பெண் வருவாள். மத்தளம் அடிக்கிறவர்கள் ஒரு பக்கம், பாடுகிற பெண்கள் ஒரு பக்கம். தலையைச் செதுக்குகிறவர்கள் அந்த ஊர்க் கொல்லர்கள்.

எங்களைப் பிடித்து நிறுத்தினது இதுதான்: இந்த ஆட்டத்தை நடத்துவது கோயிலோ அரசனோ பணக்காரரோ இல்லை, ஊர் இளைஞர் சங்கம். இந்தச் சங்கங்களை நெடுங்காலம் ஆராய்ந்த மேரி ஜோ ஆர்னோல்டி என்ற மானிடவியலாளர் 1995இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். மார்க்கலா என்ற ஊரின் முகமூடி, பொம்மை ஆட்டத்தை 2014இல் யுனெஸ்கோ மானுடத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அதே நேரம் இந்தத் தலைகள் ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களிலும் ஏலக் கடைகளிலும் தனியார் வரவேற்பறைகளிலும் நிறைய இருக்கின்றன. சேகரிப்போர் விரும்பி வாங்குகிற பொருள் அது. புதிதாய்ச் செதுக்கியதை விட "ஆடப்பட்டது" என்ற அடையாளம் உள்ளதற்கு விலை கூட. கைபட்டுத் தேய்ந்த இடம், வியர்வை ஊறின கறுப்பு, வர்ணத்துக்கு மேல் வர்ணம் பூசின தடிப்பு, இவைதான் விலையைத் தீர்மானிக்கின்றன. இதனாலேயே புது மரத்தைப் புகையூட்டிப் பழசாக்கி விற்கிற தொழிலும் பக்கத்தில் வளர்ந்திருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கை. ஆட்டத்தின் வியர்வைக்குக் காசு கொடுக்கிறார்கள். ஆனால் ஆடின துணியை, கூட்டை, பாட்டை, ஆட்டினவரின் பெயரைப் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். கொழும்பு ஆள் சிங்கத்தையும் யானையையும் கேட்டு உடம்பை வேண்டாம் என்றது இதே கணக்குத்தான்.

ஒரு தலை தனியே என்ன சொல்லும்?

சூரன்போர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஐப்பசியில் கந்தசஷ்டியின் ஆறாம் நாள். யானைமுகத்தோடு தாரகன் வருவான், விழுவான். தலை மாறும். சிங்கமுகன் வருவான், விழுவான். தலை மாறும். சூரபத்மன் தன் முகத்தோடு வருவான். பிறகு மாமரம். எங்கட பக்கத்தில் உண்மையான மாங்கொப்பையே கட்டிவிடுவார்கள். கடைசியில் சேவலும் மயிலும். கச்சியப்பரின் கந்தபுராணத்தைப் புராண படனத்தில் கேட்டதை விட, இந்தத் தலை மாற்றத்தில் பார்த்துத்தான் எங்களில் கனபேர் படித்தோம். சின்ன வயதில் பயந்து அழுதவர்களும் எங்களுக்குள் உண்டு.

மூன்று தலையும் ஒரே உடம்பில் மாறி மாறி ஏறுவதுதான் அந்தக் கதை. ஆணவம் முகம் மாற்றிக்கொண்டே வரும் என்பதைச் சொல்ல அந்த உடம்பு அங்கேயே நிற்க வேண்டும். சிங்கத் தலை கொழும்பில் ஒரு ஹோட்டலின் வரவேற்பிலும், யானைத் தலை வேறு யாருடைய வீட்டு மாடிப்படியிலும், உடம்பு எங்கட வாகனசாலையின் கறையானுக்கும் போனால் சூரன் எங்கே? மரம் மூன்று இடத்தில் பத்திரமாய் இருக்கலாம். சூரன் ஓர் இடத்திலும் இருக்கமாட்டார்.

அன்று பின்னேரம் கோயில் திண்ணையில் இருந்த ஒரு அப்பு எங்களுக்கு ஒரு பாடம் நடத்தினார். நாற்பது வருசமாய் முன் தண்டில் தோள் கொடுத்தவர். சட்டையை விலக்கி இடது தோளில் காய்ச்சுப் போன இடத்தைக் காட்டினார். "பிள்ளையள், சூரன்ர தலையை ஆட்டப்படாது. தோளை ஆட்டவேணும். முன்னுக்கு நிக்கிறவன் முழங்காலை மடிச்சால் அவர் குனிவார். பின்னுக்கு நிக்கிறவன் ஒரு அடி பிந்தினால் அவர் சீறுவார். தலை தன்ர பாட்டில ஆடும். அதுக்கெண்டுதான் கழுத்தில அந்தளவு இடைவெளி விட்டு ஆசாரியார் செய்தவர்" என்றார்.

நாங்கள் போய்க் கழுத்தைப் பார்த்தோம். உண்மைதான். முளையும் துளையும் இறுக்கமாய்ப் பொருந்தவில்லை. இரண்டு விரல் போகிற இடைவெளி. தேய்ந்து போனதால் வந்தது என்று முதலில் நினைத்திருந்தோம். அது வேண்டுமென்றே விட்ட இடைவெளி. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அதைப் பழுது என்று யாராவது எழுதிவைப்பார்கள். இந்த அப்பு போய்விட்டால் அந்த இடைவெளிக்கு அர்த்தம் சொல்ல ஆள் இல்லை.

சேகரிக்கிறவர்கள் எல்லாரும் கள்ளர் இல்லை

இந்த இடத்தில் நாங்கள் நேர்மையாய் இருக்க வேண்டும். சேகரிப்பாளர்களைத் திட்டுவது லேசு. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் இந்தப் பொருட்களில் பல இன்று உலகத்திலேயே இருக்காது. மரத்துக்குக் கறையானும் மழையும் இருக்கிறது. பமானா ஊர்களில் தலை பழசானால் புதிதாய்ச் செதுக்குவது வழக்கம். பழசை விற்றவர்களில் ஊர்க்காரரும் இருக்கிறார்கள். 2012க்குப் பிறகு மாலியில் மூண்ட போர் நாட்டின் நடுப்பகுதிக்கும் பரவியபோது, வெளியே போயிருந்த பொருட்களாவது தப்பின என்று ஒருவர் சொன்னால் மறுக்கக் கஷ்டம். போரில் வாழ்ந்த எங்களுக்கு அது நன்றாய் விளங்கும். அண்ணை சொன்ன கணக்கில், அந்த ஊரார் திரும்பி வந்தபோது வாகனசாலைக் கூரை இடிந்து கிடந்தது. சூரனின் வலது கை இல்லை. தலைகள் மடப்பள்ளிக்குள் சாக்கால் மூடிக் கிடந்தபடியால் தப்பின. யார் கொண்டுபோய் வைத்தது என்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது.

எங்கட ஆட்களிலும் ஒரு பெரும் சேகரிப்பாளர் இருந்தார். 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கண்டி நாட்டுக் கைவினைஞர்களைத் தேடித் திரிந்து, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிப் பெரிய நூல் வெளியிட்டவர். தன்னுடைய சேகரிப்பை இந்தியாவில் ஒரு தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க முன்வந்தார், அது நடக்கவில்லை. 1917இல் அந்தச் சேகரிப்பு அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனது. அதைப் பார்த்துக்கொள்ள அவரும் அங்கே போனார், கடைசிவரை அங்கேயே இருந்தார். அருங்காட்சியகத்துக்குள் இருந்துகொண்டே அவர் திரும்பத் திரும்ப எழுதிய ஒரு விசயம்: இந்தப் பொருட்கள் பார்ப்பதற்கென்று செய்யப்பட்டவை இல்லை, ஒரு பயன்பாட்டுக்கென்று செய்யப்பட்டவை. அந்தப் பயன் விளங்காமல் அழகை மட்டும் பார்ப்பது அரைகுறைப் பார்வை. தன் வாழ்நாள் வேலையையே இப்படிக் கேள்வி கேட்கிற துணிச்சல் எல்லாருக்கும் வராது.

ஆகவே சேகரிக்கலாமா கூடாதா என்று கேட்பது எங்களுக்குப் பெரிதாய் உதவவில்லை. எதைச் சேர்த்து எடுக்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்றுதான் கேட்க வேண்டும் என்று படுகிறது. தலையோடு உடம்பும், உடம்போடு ஆட்டமும், ஆட்டத்தோடு ஆளின் பெயரும் வருகிறதா?

சட்டத்துக்கும் சூரனுக்கும் இடையில்

அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதோ என்று கேட்பீர்கள். இலங்கையின் தொல்பொருள் கட்டளைச்சட்டம் 1940இல் வந்தது. அதில் தொல்பொருள் என்பதற்கு எல்லைக்கோடு 1815 மார்ச் 2, அதாவது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முந்தியது தொல்பொருள். எங்கட சூரனுக்கு அறுபது வயது சொச்சம் என்கிறார் அப்பு. ஆகவே அந்த வாசலால் அவர் உள்ளே போக முடியாது. 1988இல் கலாசாரச் சொத்துச் சட்டம் வந்தது. கலாசாரச் சொத்தை நாட்டுக்கு வெளியே அனுப்புவதையும் அதில் வியாபாரம் செய்வதையும் அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டுவருகிற சட்டம். நல்லது. ஆனால் ஊர்ச் சபை தன் பழைய வாகனத்தை விற்பதா என்று யோசிக்கிற அந்தக் கூட்டத்தில் சட்டப் புத்தகத்தை யாரும் விரிக்கப் போவதில்லை.

தெற்கே அம்பலாங்கொடையில் இதைவிடக் கொஞ்சம் வேறு மாதிரி நடந்திருக்கிறது. அங்கே முகமூடிக்கும் நூற்பாவைக்கும் பெயர் போன குடும்பங்கள் இருக்கின்றன, முகமூடிக்கென்றே ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது. 'ரூகட' என்ற நூற்பாவைக் கூத்தை 2018இல் யுனெஸ்கோ பட்டியலிட்டது. உல்லாசப் பயணிகள் சுவரில் தொங்கவிட வாங்கிப்போகிற முகமூடி ஒரு பக்கம் விற்பனையாகிறது. ஆனாலும் செதுக்குகிறவருக்குப் பெயரும் முகவரியும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். கடல் தாண்டிக் காரைக்குடிக்குப் போனால் வேறு காட்சி. செட்டிநாட்டு வீடுகளின் தூண், கதவு, மரப்பாவை எல்லாம் பழம்பொருள் கடைகளில் அடுக்கிக் கிடக்கும். எந்த வீட்டுக் கதவு என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

தீவுப்பகுதி காரைக்குடியின் வழியில் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் எங்கட பயம். வீடுகளின் கதவு நிலைகள் போய்விட்டன. இனி வாகனசாலைகள்தான் மிச்சம்.

சுரூபத்துக்கும் இதே கேள்வி

இது சைவக் கோயில் விசயம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மன்னார், பேசாலையில் 'உடக்குப் பாஸ்' என்று ஒரு மரபு இருக்கிறது. உடக்கு என்றால் ஆட்டப்படும் உருவம். தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை ஆட்களுக்குப் பதில் செதுக்கிய சுரூபங்களை அசைத்துக் காட்டுவார்கள். கோவாவில் இருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய வியாகுலப் பிரசங்கம் இன்றைக்கும் எங்கட கத்தோலிக்க ஊர்களில் இராகத்தோடு வாசிக்கப்படுகிறது. பிற்காலத்தில் பல இடங்களில் சுரூபங்களின் இடத்தை நடிகர்கள் பிடித்தார்கள். நீர்கொழும்பு துவாவில் மார்சலின் ஜயக்கொடி அடிகளார் காலத்தில் நடந்த மாற்றம் தெரிந்த கதை. யாழ்ப்பாணத்தில் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடகத்தைப் பெரும் மேடைக்குக் கொண்டுபோனது.

மாற்றம் வருவது பிழையில்லை. நடிகர் வந்த பிறகு, முந்தி அசைந்த சுரூபத்தின் தோள் மூட்டு எப்படி வேலை செய்தது என்று யாராவது எழுதி வைத்தார்களோ என்பதுதான் எங்கட கேள்வி. எங்களில் ஒருவன் ஊர்காவற்றுறைப் பக்கம். அவன் வீட்டில் கேட்டால் "அது பழைய ஆக்களுக்குத் தெரியும்" என்கிறார்கள். பழைய ஆட்கள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆசாரியாரின் பெயர்

அப்புவிடம் நாங்கள் கேட்ட கடைசிக் கேள்வி, சூரனைச் செதுக்கினவரின் பெயர் என்ன என்பது. அவர் கன நேரம் யோசித்தார். "எங்கட வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டிலில நிண்டுதான் செய்தவர். ஆறு ஏழு மாசம் நிண்டிருப்பார். வேம்பிலதான் செய்தவர். என்ர ஆத்தைதான் சாப்பாடு குடுத்தது. பெயர்... எல்லாரும் ஆசாரியார் எண்டுதான் கூப்பிடுறது."

வாகனசாலைச் சுவரில் ஒரு சலவைக்கல் இருக்கிறது. மயில் வாகனம் யார் உபயம், கடா வாகனம் யார் உபயம், மின்விசிறி யார் உபயம் எல்லாம் பொன் எழுத்தில் கிடக்கிறது. பொன் எழுத்தில் ஆசாரியாருக்கு ஒரு வரி இல்லை.

அந்த இடத்தில் எங்களுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வெள்ளைக்காரன் மாலியில் இருந்து கொண்டுபோய் "கலைஞர் பெயர் தெரியாது" என்று எழுதினான் என்று வகுப்பில் ஆவேசமாய்க் கதைத்தவர்கள் நாங்கள். 2018இல் சார், சவோய் என்ற இரண்டு அறிஞர்கள் பிரான்சுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையைப் பற்றி, 2021இல் பெனின் நாட்டுக்குத் திரும்பிய 26 பொருட்களைப் பற்றி, 2023இல் நெதர்லாந்து இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்த கண்டிப் பீரங்கியைப் பற்றி எல்லாம் நாங்கள் கட்டுரை எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறோம். கொண்டுபோனவன் பெயரை எழுதவில்லை, சரி. எங்கட வீட்டுச் சோறு சாப்பிட்டு, எங்கட கொட்டிலில் ஏழு மாதம் இருந்து செதுக்கின மனிசனின் பெயரை நாங்களும் எழுதவில்லையே.

இதில் சாதியும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் தாண்டிப் போக முடியாது. ஆசாரியார் என்பது ஒரு தொழிலின் பெயர், ஒரு சாதியின் பெயர். அந்தப் பெயரே போதும் என்று ஊர் நினைத்திருக்கிறது. பறை அடித்தவரின் பெயரும் அப்படித்தான் போனது. வாகனம் யார் தூக்கலாம், வடத்தில் யார் கை வைக்கலாம், உள்ளே யார் வரலாம் என்று சண்டை நடந்த மண் இது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடியவர்கள் எங்கட அப்பப்பாக்களின் வயதுக்காரர். ஆகவே "எங்கட பாரம்பரியம்" என்று சொல்லும்போது அந்த "எங்கட"வுக்குள் யார் யார் என்று கேட்கத்தான் வேண்டும். எங்களில் மூன்று பேர் பெண்கள். நாங்கள் சூரனுக்குத் தோள் கொடுத்ததில்லை, கொடுக்க விடவும் மாட்டார்கள். பமானா ஊர்களிலும் பொம்மைக்குள் நிற்பது ஆண்கள்தான். ஆனால் பெண்களின் பாட்டு இல்லாமல் அங்கே மிருகம் வெளியே வராது. எங்கட சூரன்போரில் பெண்களுக்கு என்ன இடம் என்று நாங்கள் யோசித்தோம். அருச்சனைத் தட்டு வரிசையைத் தவிர ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

பாதுகாக்கிறோம் என்ற பெயரில் இந்தப் பழைய கணக்குகளையும் சேர்த்துப் பாதுகாக்க எங்களுக்கு விருப்பமில்லை. எழுதி வைக்கத் தொடங்கினால் விடுபட்ட பெயர்களில் இருந்து தொடங்குவோம்.

நாங்கள் கேட்பது

சபைக் கூட்டம் வருகிற மாதம். நாங்கள் ஊர்ச் சபைக்குள் குரல் உள்ளவர்கள் இல்லை. அண்ணையிடம் நாலு விசயம் சொல்லிவிட்டு வந்தோம். அதே நாலையும் இதை வாசிக்கிற உங்களுக்கும் சொல்கிறோம். உங்கட ஊரிலும் ஒரு தறப்பாளுக்குக் கீழே ஏதோ ஒன்று கிடக்கும்.

முதலாவது, பிரிக்க வேண்டாம். விற்பதென்றாலும் கொடுப்பதென்றாலும் தலைகளும் உடம்பும் கையும் தண்டும் ஒன்றாய்ப் போக வேண்டும். நாவற்குழிச் சிவபூமி அருங்காட்சியகமோ, நல்லூரில் நாவலர் வீதியில் இருக்கிற தொல்பொருள் அருங்காட்சியகமோ, எங்கட பல்கலைக்கழகமோ எடுக்குமா என்று முதலில் கேட்கலாம். கேட்கிறதுக்குக் காசு இல்லை.

இரண்டாவது, வர்ணம் பூச முதல், மாற்ற முதல், எரிக்க முதல், பதிவு செய்யுங்கள். நாலு பக்கமும் படம், அளவு, என்ன மரம், மூட்டு எப்படி, கழுத்தில் எவ்வளவு இடைவெளி. ஒரு போன் காணும். தூக்கினவர்களை இருத்தி வைத்துக் கதைக்க விட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒரு பிரதி கோயிலில், ஒரு பிரதி வெளியே. 2005இல் இருந்து இயங்குகிற நூலகம் எண்ணிம நூலகம் போன்ற இடங்களுக்குக் கொடுத்தால், நாளைக்கு எங்கட போன் உடைந்தாலும் அது இருக்கும். 1981இல் ஒரு நூலகம் எரிந்த ஊரில் ஒரே ஒரு பிரதியை நம்பி இருப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது, சலவைக்கல்லில் இடம் விடுங்கள். புதுச் சூரன் வருகிறார், வரட்டும். உபயகாரரின் பெயருக்குக் கீழே செய்தவரின் பெயரும் வர வேண்டும். பைபரில் வார்த்தாலும் வார்த்தவர் ஒரு கலைஞர்தான். பழைய ஆசாரியாரின் பெயரைத் தேட வேண்டும். பழைய கணக்குக் கொப்பியில், சம்பளம் கொடுத்த துண்டில், வெளிநாட்டில் இருக்கிற யாருடையவோ அம்மாவின் ஞாபகத்தில் அது இருக்கலாம்.

நாலாவது, ஆட விடுங்கள். கழுத்து முளை சரியாய் இருக்கிறது, உடம்பு இன்னும் பாரம் தாங்கும். சூரன்போருக்கு முதல் நாள் பின்னேரம் பழைய சூரனை வீதிக்கு எடுத்து, அப்பு முன்னுக்கு நின்று சொல்லிக்கொடுக்க, கம்பஸ் பெடியளும் பெட்டையளும் சேர்ந்து தூக்கிப் பழகினால் என்ன? எட்டுப் பேர் குறைவென்றால் யாழ்ப்பாணத்தில் இருந்து எட்டுப் பேர் வருகிறோம். மாலியில் அந்தப் பொம்மைகளை வைத்திருப்பது ஒரு பெடியள் சங்கம் என்றால், எங்களால் ஏன் ஏலாது?

பெட்டையளும் என்று சொன்னதும் அண்ணை ஒரு மாதிரிப் பார்த்தார். அது சபையில் எடுபடாது என்று எங்களுக்கும் தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் வந்தோம்.

போன கிழமை அவர் எடுத்துக் கதைத்தார். கொழும்பு ஆள் திரும்பவும் கேட்டிருக்கிறாராம், விலையையும் கொஞ்சம் கூட்டியிருக்கிறாராம். "கூட்டம் முடியட்டும் எண்டு சொல்லி வச்சிருக்கிறன்" என்றார். பிறகு, வைக்கப் போகிற நேரத்தில், "தம்பி, அம்மாட்ட கேட்டனான். அந்த ஆசாரியாரை அப்பா 'கந்தையர்' எண்டு கூப்பிட்டதா ஒரு ஞாபகம் எண்டு சொல்லுறா. சரியோ தெரியாது" என்றார்.

சரியோ தெரியாது. கந்தையர் என்று தீவுப்பகுதியில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள். என்றாலும் கொப்பியில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.